அண்ணன் ஓதாத சிபாரா

1

எங்களைப் பெற்ற அத்தா இறந்த நாளை வீட்டில் பிறைக் கணக்கில் வைத்திருக்கிறோம். ஸஃபர் மாதம், பிறை பதினொன்று. ஆங்கிலத் தேதியில் அது வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். நான் ஆம்பூரை விட்டு ஜெர்மனிக்குக் கிளம்பிய வருடம் அது டிசம்பர் நடுவில் வந்தது. பன்னிரண்டு வருடங்களில் மெல்ல மெல்ல நான்கு மாதம் பின்வாங்கி, இந்த வருடம் ஆகஸ்டு முதல் வாரத்தில், மகளின் பள்ளி விடுமுறைக்குள் வாகாக வந்து விழுந்தது. இப்படி வரும் என்று நான்கு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டு நோட்டில் எழுதியிருந்தேன். தேதி எழுதிவைப்பது என் வழக்கம்.

இங்கே என் வேலை தோல் பார்ப்பது. காலணி நிறுவனம் ஒன்றுக்கு வரும் தோல்களைச் சோதித்து, ஏற்கலாமா திருப்பி அனுப்பலாமா என்று சொல்ல வேண்டும். ஐந்து நாற்பது ரயில், ஆறரைக்குச் சோதனைக்கூடம், மாலை ஐந்துக்கு வீடு. ஊரில் மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் ஓத உட்காரும். இங்கே சூரியன் டிசம்பரில் நாலரைக்கும் ஜூனில் ஒன்பதரைக்கும் மறைவதால், ஓதும் நேரத்தைக் கடிகாரத்தில் ஆறு மணி என்று கட்டிப்போட்டேன். ஆறு மணிக்கு நானும் ஒன்பது வயது மகள் ஆஃப்ரீனும் உட்காருவோம். நான் ஒரு வரி ஓதுவேன், அவள் திருப்பி ஓதுவாள். மூன்று தடவை. எனக்கு ஆம்பூரில் சொல்லிக்கொடுத்த முறை அதுதான். இப்படியே திருமறையின் கடைசிப் பாகத்தில் சூரா என்று சொல்லும் முப்பத்தேழு அத்தியாயங்களையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஒவ்வொன்றும் முடிந்த தேதி என் நோட்டில் இருக்கிறது.

2

மே மாதம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வகுப்பாசிரியை கூப்பிட்டிருந்தார். போனேன். மூன்றாம் வகுப்பு முடியப்போகிறது, ஆஃப்ரீனால் முதல் வகுப்புப் புத்தகத்தைக்கூடப் படிக்க முடியவில்லை என்றார். பேச்சில் கெட்டிக்காரி, கணக்கை மனத்தில் போடுகிறாள், படிக்கும் முறை வரும்போது மட்டும் கழிப்பறைக்குப் போய்விடுகிறாள் என்றார். வீட்டில் எத்தனை மொழி என்று கேட்டார். தமிழ், என் மனைவி ஷமீமாவின் தாய்வீட்டாரோடு உருது, ஓதுவதற்கு அரபு, வெளியே ஜெர்மன் என்று எண்ணிச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். என் காதில் அது குற்றப்பத்திரிகை மாதிரி விழுந்தது. அரபு ஓதுவதை நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று நானாக முடிவுகட்டினேன். அவர் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பிள்ளையை நிபுணர் ஒருவர் சோதித்துப் பார்க்க, தாயும் தகப்பனும் கையெழுத்திட வேண்டும். விடுமுறை முடிந்த முதல் வாரத்துக்குள் கொடுத்தால் போதும்.

எங்களைப் போல வந்து குடியேறியவர்களிடையே ஒரு பயம் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளை லேசாகச் சிறப்புப் பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள், போனால் திரும்பி வர முடியாது என்பார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்குத் தெரியாது. பயம் மட்டும் உண்மை. இங்கே நான்காம் வகுப்பில்தான் பிள்ளை அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போகும் என்று முடிவாகிறது.

"போடுங்களேன் கையெழுத்த" என்றாள் ஷமீமா. "பாக்கத்தானே போறாங்க, புடிச்சிக்கினா போய்டுவாங்க?"

"ஒரு தடவ பேப்பர்ல ஏறிட்டா எறங்காது."

"செவ்வாக்கெழமைன்னா வயித்த வலிக்குதுங்குது. நீங்க ரயிலேறி போய்டறீங்க. நான்தான் பாக்கறேன்."

"ஊறுகாய கம்மி பண்ணு."

"ஊறுகாய்க்கு கெழமை தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. பதிலாக, அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முப்பத்தேழு சூராக்களின் பெயர்களையும் அவள் மனப்பாடம் செய்து முடித்த தேதிகளையும் பட்டியல் போட்டுக் கூடவே இணைத்தேன். தனக்குப் புரியாத ஒரு மொழியில் இவ்வளவையும் கற்ற பிள்ளைக்குப் படிப்பு வராது என்பதை நான் ஏற்கவில்லை என்று முடித்தேன். அகராதியை மூடி வைத்தபோது எனக்குத் திருப்தி.

ஆசிரியையின் பதில் இரண்டு வரி. பட்டியல் மிக அழகு, இவற்றை அவள் எப்படிக் கற்றாள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். உபசாரத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்து, பதில் போடாமல் விட்டேன். இப்போது யோசித்தால், அந்த மூன்று மாதத்தில் யாரும் கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான்.

3

என் அண்ணன் நஸீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. "படிப்பு ஏறல" என்று வீட்டில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு முழுத் தீர்ப்பு, அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. படிப்பு ஏறாதவர்களுக்கு வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைகள் கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றன.

அண்ணன் அப்படித் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சேர்ந்து, இருபது வருடமாகத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறார். தோலை ஒரு தடவை தடவிப் பார்த்து இது முதல் தரம், இது மூன்றாவது என்பார். பக்கத்தில் ஒருவர் அதை எழுதிக்கொள்வார். தேர்ந்த கைக்காரர்கள் தாங்களே எழுதுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இங்கு வந்த மூன்றாம் வருடம், அவருக்கும் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்து விண்ணப்பத் தாள்களை அனுப்பினேன். அவர் நிரப்பி அனுப்பவே இல்லை. கேட்டால், "எனக்குக் குளிரு ஒத்துக்காதுடா" என்றார். ஒரு வருடம் எனக்கு அவர்மேல் மனத்தாங்கல். போனில் நான் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து அனுப்புவேன். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழும். மறுநாள் குரலில் ஒரு பதில் வரும்: "எல்லாம் நல்லது, புள்ள எப்டி கீது?" நான் கேட்ட எதற்கும் அதில் பதில் இருக்காது. சோம்பேறி என்று ஷமீமாவிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல.

4

நினைவு நாளன்று எங்கள் வீட்டில் வழக்கம் இதுதான். திருமறையின் முப்பது பாகங்களும் தனித்தனி மெல்லிய புத்தகங்களாக ஒரு மரப்பெட்டியில் பள்ளிவாசலிலிருந்து வரும். ஒவ்வொன்றும் ஒரு சிபாரா. பாயில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒன்று எடுத்து, தனக்குள் ஓதுவார்கள். முப்பதும் முடிந்தால் ஒரு முழு ஓதல். பிறகு பள்ளிவாசல் இமாமான அஸரத்து அதன் நன்மையை மௌத்தாகிப் போனவருக்குச் சேர்க்கும்படி அல்லாஹ்விடம் துஆ கேட்பார். அதன் பிறகு பிரியாணி.

விடுமுறைக்கு ஆம்பூர் போயிருந்த எங்களையும் சேர்த்து அன்று இருபத்தாறு பேர். சிலர் இரண்டு எடுத்தார்கள். நான், "ஆஃப்ரீனுக்கும் ஒண்ணு குடுங்க" என்றேன்.

"கொழந்த ஓதுமா?" என்றார் ரஃபீக். என் சின்னத்தா மகன், வீட்டில் எல்லாரையும் கிண்டல் செய்பவர்.

"முப்பதாவது முழுக்கத் தெரியும்."

முப்பதாவதை ஏற்கெனவே யாரோ எடுத்திருந்தார்கள். கைக்கு வந்த ஒன்றை ரஃபீக் அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். எனக்கும் நஸீர் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். உதடு அசைந்தது, விரல் வரிமேல் ஓடியது, பக்கம் திரும்பியது. நான் போனை எடுத்து ஒரு படம்கூட எடுத்தேன். நான் கடைசிப் பக்கத்தில் இருக்கும்போதே புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜெர்மன்காரி எக்ஸ்பிரஸ்ல போய்ட்டா, நாம இன்னும் பச்சகுப்பம் ஸ்டேஷன் தாண்டல!" என்றார் ரஃபீக். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாயைப் பார்த்துக்கொண்டு. நஸீர் அண்ணன் சிரிக்கவில்லை.

5

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்.

"இலியாஸ், உன் பொண்ணு படிக்கல."

"இன்னாண்ணே சொல்றே? முப்பத்தேழு சூரா மனப்பாடம்."

"மனப்பாடம் இருக்குது. அத யாரு இல்லன்னா? எழுத்து தெரில அதுக்கு. நீ பக்கம் திருப்புனா அது திருப்புது. நீ தண்ணி குடிக்க நிறுத்துனியே, அதுவும் நிறுத்துச்சு. வாயில ஓதுனது கைல இருந்த சிபாரா இல்ல. நான் பக்கத்துல காது குடுத்துக் கேட்டேன்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"நானும் அதாண்டா செய்றேன்."

எனக்கு உடனே புரியவில்லை. "எவ்ளோ நாளா?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? நாப்பது வருஷமா. எனக்கு எழுத்து நிக்காதுடா. தமிழும் நிக்காது, அரபும் நிக்காது. பஸ்ஸு நம்பரு தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். நீ அனுப்பற மெசேஜெல்லாம் என் சின்ன மவன் காலேஜ்லேர்ந்து வந்தா படிச்சிச் சொல்வான். வரலன்னா இல்ல."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அத்தா மௌத்தாகி மூணாம் நாளு. நீ பதினேழு வயசுப் பையன், ஒரு மூலைல அழுதுக்கினு இருந்தே. நான் மூத்தவன். பெட்டி என்கிட்டதான் மொதல்ல வந்துச்சு. எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? எடுத்தேன். தெரிஞ்ச நாலு சூராவத் திருப்பித் திருப்பி ஓதிக்கினு பக்கத்தத் தள்ளுனேன். அஸரத்து துஆல முப்பதும் ஓதி முடிச்சோம் யா அல்லாஹ்ன்னாரு. எல்லாரும் ஆமீன்னாங்க. நானும் ஆமீன்னேன். முப்பது இல்லடா. இருபத்தொம்பது. நம்ம அத்தாவுக்கு ஒண்ணு கம்மி."

"எந்த சிபாரா?"

"அது தெரிஞ்சா நான் ஏண்டா இப்டி இருக்கறேன்?" சட்டென்று சிரித்தார். "மேல நம்பரு போட்டிருக்கும். அதுவும் அரபுல."

"அஸரத்துகிட்ட கேட்டிருக்கலாமே."

"இன்னான்னு கேப்பேன்? எனக்குப் படிக்கத் தெரிலன்னா? வருஷா வருஷம் அந்தப் பெட்டிய பாத்தாலே பேஜாரு. உன் பொண்ணு இன்னிக்கு வாங்கிக்கினு உன்ன ஒரு பார்வ பாத்துச்சே, பாத்தியா? நான் யாரப் பாத்தேன்னா, அத்தாவ தூக்கிப்போன சந்தூக்கு வெச்சிருந்த எடத்தப் பாத்தேன்."

அந்த நேரத்தில் ஆஃப்ரீன் இரண்டு கிண்ணத்தில் இனிப்பு ஃபிர்னி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். நான் செய்தது சரியா தெரியவில்லை: கீழே போய் ஒரு சிபாராவை எடுத்து வந்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஓதச் சொன்னேன்.

"நீங்க மொதல்ல ஓதுங்க அத்தா."

"இல்லம்மா. நீயே ஓது."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். "வயிறு வலிக்குது" என்றாள்.

அண்ணன் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, மரியாதையாக மூடி, தன் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கும் அப்டித்தான் கண்ணு. எழுத்து ஓடிப்போய்டும்."

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்குமா பெரியத்தா? எங்க ஓடும்?"

"பக்கத்து வரிக்கு. உனக்கு?"

"எனக்கு மேல ஏறும். அப்புறம் ரெண்டு ரெண்டாத் தெரியும். பெருசா எழுதினா கொஞ்சம் நிக்கும். டீச்சர் பலகைல எழுதினா ஆடும்."

"கூச்சல் போட்டா ஜாஸ்தி ஆடுமா?"

"ஆமா! யாராச்சும் சிரிச்சா ரொம்ப ஆடும்."

இரண்டு நோயாளிகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசிக்கொள்வது மாதிரிப் பேசிக்கொண்டார்கள். அவள் தமிழில் வராத இடங்களில் ஜெர்மனில் சொன்னாள், அவர் அதற்கும் தலையாட்டினார். கால்மணி நேரம். மூன்று வருடத்தில் என்னிடம் சொல்லாததையெல்லாம் ஃபிர்னி கிண்ணம் காலியாவதற்குள் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க தேதி போட்டு எழுதிடுவீங்க" என்றாள்.

அவள் கீழே போன பிறகு அண்ணன் சொன்னார்: "அத ஷாப்புக்கு அனுப்பற மாதிரி பண்ணிடாதடா. அங்க இன்னா வைத்தியம் கீதோ பாரு." பிறகு, படியில் இறங்கும்போது, திரும்பாமல்: "நீ நல்லா ஓதுவே. எதுன்னு தெரியாததுனால முப்பதயும் ஓதிடேன். அத்தாவுக்கு."

6

திரும்பும் விமானத்தில் என் நோட்டைப் படித்தேன். எழுதுவது வழக்கம், படிப்பது இல்லை. அக்டோபரில் நான்கு செவ்வாய், நான்கிலும் "ஆ. வயிற்றுவலி". ஆசிரியையின் கால அட்டவணையில் செவ்வாய் முதல் பாடம் உரக்க வாசித்தல். "பையைப் பள்ளியில் மறந்துவிட்டாள்" என்று ஒரே மாதத்தில் மூன்று தடவை. "விளையாட்டுத்தனம்." "பிடிவாதம்." வேலை விஷயமாக நான் இரண்டு வாரம் வெளியூர் போனபோது "ஓதல் முன்னேற்றம் இல்லை, தாயிடம் சொல்லிவைக்க வேண்டும்". அவளுக்கு முன்னால் ஓதிக்காட்ட நான் இல்லாதபோது அவளால் ஒரு வரியும் நகர முடியவில்லை என்பதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எல்லாம் இருக்கிறது, தேதி வாரியாக. ஒரு தோலில் பூச்சி கடித்த தடம் இருந்தால் மூன்றடி தள்ளி நின்று சொல்லிவிடுவேன். அந்தத் திறமைக்குத்தான் இங்கே சம்பளம் தருகிறார்கள்.

திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தருகிறார்கள். நானும் இங்குள்ள தொழுகைக்கூடத்தில் ஞாயிறு பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னவன் என் வீட்டில் திக்குவதற்கு இடம் வைக்கவில்லை. தட்டாமல் ஓதும் பிள்ளைக்குப் பாராட்டு, தட்டினால் முகச்சுளிப்பு என்று வைத்திருந்தேன். அவள் அதற்கு ஏற்ற வழியைக் கண்டுபிடித்துக்கொண்டாள். பிள்ளை அமானிதம், இறைவன் நம்பிக் கொடுத்துவைத்த பொருள் என்கிறோம். அமானிதப் பொருளைக் கொடுத்தவன் கேட்கும்போது, இத்தனை சூரா, இத்தனை தேதி என்று பட்டியலை நீட்ட முடியாது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். நன்றாக ஓதும் உங்கள் பிள்ளையிடம் ஒருநாள் நீங்கள் முதலில் ஓதிக்காட்டாமல் நடுப்பக்கத்தைத் திறந்து கொடுங்கள். கோபம் இல்லாமல் கொடுங்கள். ஓதினால் அல்ஹம்துலில்லாஹ். வயிறு வலித்தால், மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்.

படிவத்தில் முன்பு நான் கவனிக்காத ஒரு கேள்வி இருந்தது: குடும்பத்தில் வேறு யாருக்காவது எழுதப் படிக்கச் சிரமம் இருந்ததா, யாருக்கு? கீழே ஒரு கோடு. எழுதுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை காலை அண்ணனுக்கு போன் செய்தேன். ஷாப்பில் இருந்தார், பின்னால் தோல் பதனிடும் பீப்பாய்கள் சுற்றும் சத்தம்.

"அண்ணே, வீட்ல வேற யாருக்காச்சும் இப்டி கீதான்னு ஃபாரத்துல கேக்கறாங்க. உன் பேர எழுதலாமா?"

வெளியே நடந்து போனார் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"எழுதுனா புள்ளைக்கு நல்லதா?"

"நல்லதுன்னுதான் சொல்றாங்க. சீக்கிரம் கண்டுபுடிப்பாங்களாம்."

"அப்ப முழுப் பேரா எழுது. பள்ளிக்கூடத்துல வெச்சிக்குவாங்களா அத?"

"ஆமா. ஃபைல்ல இருக்கும்."

"ஆறாங்கிளாஸ்ல என் பேர வெட்டுனாங்க. இப்ப ஜெர்மன்ல ஏத்தறாங்க, பாரேன்" என்று சிரித்தார்.

எழுதினேன். நானும் ஷமீமாவும் கையெழுத்திட்டோம். இதோடு எல்லாம் தீர்ந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. சோதனைக்கு ஏழு வாரம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு என்ன சொல்வார்களோ தெரியாது. நான்காம் வகுப்பு தொடங்கிவிட்டது. முப்பது சிபாராவில் ரயிலில் இதுவரை ஒன்பது ஓதியிருக்கிறேன், சில காலைகளில் தூங்கிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை பெயரை எழுதி முடித்தபோது போன் இன்னும் ஒலிபெருக்கியில் இருந்தது. ஆஃப்ரீன் மேசைக்கு வந்து, "பெரியத்தா பேரா? எங்க?" என்றாள். காட்டினேன். ஜெர்மன் எழுத்தில் பதினொன்று. விரலை முதல் எழுத்தின்மேல் வைத்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன், ஷமீமா என் கையைப் பிடித்தாள்.

"ந" என்றாள் ஆஃப்ரீன். நிறுத்தினாள். விரல் பின்னால் போனது. மறுபடி "ந" என்றாள். அடுத்த எழுத்துக்கு முன் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பாதியில் தவறி, முதலிலிருந்து தொடங்கினாள். அந்தப் பக்கம் மதியச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதியது, யாரோ "நஸீர் பாய், வாங்க" என்று கூப்பிட்டார்கள். அண்ணனுடைய பெயரின் கடைசி எழுத்துக்கு அவள் வந்து சேரும்வரை அவர் போனை வைக்கவில்லை.